அடாப்டரை விட ஒயரே மேல்: ஒகையோவிலும் கோபியிலும் ஒன்பது வருஷ பிளக் அனுபவம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து 2016-ல் அமெரிக்காவில் இருக்கிற ஒகையோ போனோம். ஐந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு 2021-ல் ஊர் திரும்பினோம். போகும்போது இந்தியச் சாமான், வரும்போது அமெரிக்கச் சாமான். இரண்டு பக்கமும் பிளக்குக்காகப் பட்ட பாட்டைச் சொன்னால், இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது காசும் மிஞ்சும், பொருளும் தப்பும்.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் ஒரு யுனிவர்சல் அடாப்டர் வாங்கினோம். வழிப்பயணத்திலும் முதல் வாரத்திலும் நன்றாகவே உதவியது. வருஷக்கணக்கில் வைத்துப் புழங்குகிற பொருள் அது இல்லை. அமெரிக்க பிளக்குக்கு இரண்டு மெல்லிய தகடுதான் பிடிமானம். கனமான அடாப்டரையும் சார்ஜரையும் அதில் மாட்டினால் நாளாக நாளாகத் தலை தொங்கிவிடும். பாதி வெளியே வந்த தகட்டில் பொறி பறப்பதை ஒரு நாள் ராத்திரி என் கண்ணால் பார்த்தேன். அங்கே சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்சும் இருக்காது. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொடு என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, அது பழக நாளாகும்.

அதை விடப் பெரிய குறை எர்த், அதாவது கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் இணைப்பு. சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக மூடியில் விரலை மெல்ல ஓட்டினால், மெல்லிய மணலைத் தேய்ப்பது போல ஒரு கூச்சம் இருக்கும். அது லேப்டாப்பின் குணம் என்றே நினைத்திருந்தேன். கோபிக்கு வந்ததும் அம்மா அதைத் தொட்டுவிட்டு, "கண்ணு, இதுல கரண்டு அடிக்குதே" என்று கையை உதறினார். சுவிட்ச் போர்டு மாற்ற வந்திருந்த எலக்ட்ரீசியன் தம்பி அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். "இதுல எர்த்தே இல்லீங்ணா. மூணாவது கால் வெறும் பிளாஸ்டிக்குங்க. சாக்கெட் மூடியைத் திறக்கத்தான் அது ஆகும்" என்றார்.

சார்ஜரில் சொருகும் மூன்று ஓட்டை ஒயரை மட்டும் இங்கத்திய த்ரீ பின் ஒயராக மாற்றிக் கொடுத்தார். அன்றோடு அந்தக் கூச்சம் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன்: ஒயர் கழன்று வருகிற எந்தப் பொருளுக்கும் அடாப்டர் வாங்காதீர்கள், அந்த ஊர் ஒயரை வாங்கிவிடுங்கள். லேப்டாப், மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் எனக்கு இதுவே சரிப்பட்டு வந்தது. ஒயர் கழலாத பொருளாக இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து பிளக் டாப்பையே மாற்றிவிடலாம்.

ஆனால் ஒயரை மாற்றும் முன் பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் கவலையில்லை. போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். வெறும் 120 என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகவே கூடாது. அங்கிருந்து கொண்டு வந்த ரைஸ் குக்கரை, பிளக் பொருந்துகிறதே என்று அப்பா அடாப்டரோடு மாட்டிவிட்டார். வோல்ட் இரண்டு மடங்கு ஏறினால் சூடு நான்கு மடங்கு ஏறும். சாதம் கொதிக்கும் முன்பே காயில் போய்விட்டது. இதை நான் முதலிலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சுகமில்லை. ஊரிலிருந்து கொண்டு போன 750 வாட்ஸ் மிக்சியை அங்கே ஓட்ட 1500 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினோம். தூக்கினால் கை இழுக்கும், மாட்டி வைத்தாலே உர்ரென்று சத்தம், சும்மா இருக்கும்போதும் லேசாகச் சுடும். சட்னி அரைந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு அங்கேயே ஒரு 110 வோல்ட் மிக்சி வாங்கினோம்.

கிரைண்டர் கதை வேறு. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஒகையோவில் நாங்கள் வாங்கியதும் கோவையில் செய்ததுதான், ஆனால் அந்த ஊருக்கென்று 110 வோல்ட்டில் செய்தது. ஆசையாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்து, அதே டிரான்ஸ்பார்மரைத் திருப்பி மாட்டி ஓட்டினோம். கல் தளர்ந்து சுற்றியது. உளுந்து பொங்கி வரவே இல்லை. மோட்டார் பக்கம் கை வைக்க முடியாத சூடு.

காயில் கட்டும் கடைக்காரர் சீட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "அறுபது சைக்கிள் மோட்டாருங்க இது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாதுங்க." அவர் சைக்கிள் என்றது ஹெர்ட்ஸை, கரண்ட் ஒரு நொடியில் எத்தனை முறை அலை போல ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கிரைண்டரில் இருப்பது இன்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால் ஆறு சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஐந்துதான் சுற்றும், சூடும் கூடும். 230 வோல்ட் மோட்டாரும் அதற்கேற்ற கெப்பாசிட்டரும் போட்டுக் கொடுத்தார். பம்பும் மோட்டாருமாகவே பிழைக்கிற சீமை இது, அதற்கு உதிரி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷமாக வாரம் இரண்டு முறை மாவு ஆட்டுகிறோம், ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. ஐரோப்பா பக்கமிருந்து பொருள் கொண்டு வருபவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230, 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் போன் சார்ஜரில் வரும் அந்த ஊர் இரண்டு கால் பிளக்கின் கால் 4 மில்லிமீட்டர் தடிமன்தான், நம் 5 ஆம்ப்ஸ் பிளக்கின் கால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே போய்விடும், ஆனால் ஆடும். பக்கத்து வீட்டில் அப்படி ஆடி ஆடி சாக்கெட் கருகியதைப் பார்த்தேன். ஒயர் வைத்த பொருளானால் அதற்கும் டாப் மாற்றுவதுதான் நல்லது.

அடுத்த மாதம் மாமா பையன் கனடா போகிறான். அங்கேயும் அமெரிக்க பிளக், அதே 120 வோல்ட். லேப்டாப்புக்கு அங்கே போனதும் ஒரு ஒயர் வாங்கிக்கொள், மிக்சி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை இன்னும் பெட்டியிலிருந்து மிக்சியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் போய் நானே எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும்.