ஒரு மனு, மூன்று ஏஐ: சேலம் நிருபரின் கணக்கு

ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்கிராமம். சாலை கேட்டுச் சேலம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்திருந்தார்கள். கையில் ஐந்து வரிக் குறிப்பு, இருபது நிமிட ஒலிப்பதிவு, பழைய மனுக்களுக்கு வந்த பதில்கள் அடங்கிய ஒரு கட்டு. மூன்றையும் மூன்று விதமான ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன்.

முதலில் குறிப்பைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் செய்தியாக எழுதச் சொன்னேன். டீ வருவதற்குள் செய்தி வந்துவிட்டது, தமிழும் சுத்தம். ஆனால் "மலையாளி மக்கள்" என்று நான் எழுதியிருந்ததை "கேரளாவிலிருந்து குடியேறியவர்கள்" என்று விரித்து வைத்திருந்தது. சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் அவர்களே கதை சொல்வார்கள். இது அப்படியே அச்சேறியிருந்தால் அந்த ஊர்ப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. அமெரிக்காவின் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் 2023-இல் ஏஐ எழுதிய 77 கட்டுரைகளைத் திரும்பப் பார்த்தபோது 41-இல் திருத்தம் போட வேண்டியிருந்தது. அவர்களுக்கே அப்படி.

மேட்டூர் அணை நிலவரம் மாதிரி தினசரிச் செய்திக்காவது உதவுமா என்றால், அதற்கு ஏஐயே வேண்டாம். நீர்மட்டம், வரத்து, திறப்பு, இருப்பு என்று நான்கு எண்கள். எண்ணை மட்டும் மாற்றிப் போடும் ஒரு எக்செல் படிவம் போதும். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2014-லேயே கம்பெனிகளின் காலாண்டுக் கணக்குச் செய்திகளைத் தானியங்கியாகப் போட ஆரம்பித்துவிட்டது. சாட்ஜிபிடி மாதிரி சாட்பாட்டிடம் கொடுத்தால் கடைசி வரியில் "இதனால் விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்துள்ளனர்" என்று சேர்த்துவிடுகிறது. எந்த விவசாயி? (எங்கள் பழைய செய்திகளைப் படித்துத்தான் கற்றிருக்கும், பாவம்.)

அடுத்து ஒலிப்பதிவு. என் ஓட்டு இதற்குத்தான். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியான ஏஐ கருவி, முன்பு ஒன்றரை மணி நேரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியதைச் சில நிமிடங்களில் எழுத்தாக்கித் தருகிறது. தப்பும் வரும். பெரியவர் ஒருவர், "பிரசவ வலி வந்தா டோலி கட்டித் தூக்கிட்டு எறங்கறோம்" என்றார். எழுத்தில் "போலி" என்று வந்தது. "எம்பது வீடு" என்றது எழுபதானது. பேச்சில்லாத இடத்தில் யாரும் சொல்லாத வரியை விஸ்பர் நுழைப்பதும் உண்டு. ஆனால் இங்கே தப்பைப் பிடிக்க ஒலிப்பதிவு கையிலேயே இருக்கிறது. எண், பெயர், மேற்கோள் மூன்றையும் மட்டும் திரும்பக் கேட்டுவிடுவேன். சாட்பாட் எழுதியதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

மூன்றாவது, ஆவணக் கட்டு. கூகுளின் நோட்புக்எல்எம் நாம் ஏற்றிய ஆவணத்தை வைத்தே பதில் சொல்கிறது, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டுகிறது. மனுவில் இருந்த பெயர், கைப்பேசி எண்களை மறைத்துவிட்டுத்தான் ஏற்றினேன். வன அனுமதி பற்றி எங்கே வருகிறது என்று கேட்டதும் மூன்று இடங்களைக் காட்டியது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் மூன்றிலும். சரி, கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டால் "ஆவணத்தில் தகவல் இல்லை" என்றது.

தகவல் இருந்தது. கடைசிப் பக்க ஓரத்தில், ரப்பர் ஸ்டாம்புக்குக் கீழே, யாரோ பச்சை மையில் கிறுக்கியிருந்தார்கள்: "வரைபடம் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்புக."