கொலு அலங்காரத்துக்கு வேப்பங்கிளையா, பெட்டிப் பலகையா?

புரட்டாசி பிறந்தால் மதுரையில் கொலு வேலை. படியோரம் வைக்கச் சின்ன மர அலங்காரம் செய்ய, செலவில்லாத வழி இரண்டு.

வெட்டிப்போட்ட வேப்பங்கிளையை அரை அங்குல வில்லையாக அறுத்தால் பட்டையோடு அழகாக இருக்கும். ஆனால் பச்சை மரம் காயக் காய, நடுவிலிருந்து விளிம்புவரை வெடிக்கும். நிழலில் சில வாரம் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் போட்டேன்; பத்தில் ஏழு அடுப்புக்குப் போனது.

பெட்டிப் பலகை, அதாவது சரக்கு வரும் மரப்பெட்டியைப் பிரித்த பலகை, பெரும்பாலும் பைன் மரம், ஏற்கெனவே காய்ந்தது. உப்புத்தாள் தேய்த்தால் போதும். ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும், பசையே நல்லது. அப்புறம், பலகையில் குத்திய முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ (HT) என்றால் சூடுபடுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம்.

யானை, மான் வடிவம் வெட்டப் பலகைதான். மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் செய்யும் மண் பொம்மைக்கு அடியில் வைக்க வேப்ப வில்லைக்கு ஈடில்லை.