"பண்ணை கலைப்பு ஏலம்" என்று கூப்பிட்டால் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மகனுடன் வெளிநாடு செல்லவிருப்பதால் கறவை மாடுகள், பண்ணைக் கருவிகள், வீட்டுச் சாமான்கள் அனைத்தும் ஏலம் விடப்படும் என்று அச்சடித்த துண்டறிக்கையை உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலோ பால் சங்கத்துச் சுவரிலோ நீங்களும் பார்க்கக்கூடும். கடந்த ஆகஸ்ட் மாத நடுவில் அப்படிப்பட்ட ஓர் ஏலத்துக்குப் போய், 68,500 ரூபாய்க்கு ஒரு கலப்பினப் பசுவையும், 11,000 ரூபாய்க்கு ஒரு தீவனப்புல் வெட்டும் இயந்திரத்தையும், எடைக் கணக்கில் ஒரு பித்தளை அண்டாவையும் எடுத்து வந்தவன் நான். மூன்றிலும் ஏமாந்தேன். அண்டாவின் விளிம்புக்குள் இருந்தது இரும்பு வளையம்; இயந்திரத்தில் இரண்டு குதிரைத்திறன் என்று எழுதிய தகட்டுக்குக் கீழே இருந்தது ஒரு குதிரைத்திறன் மோட்டார். அவற்றை விட்டுவிடுகிறேன். எழுத வேண்டியது மாட்டைப் பற்றித்தான்.

நாங்கள் ஈரோட்டுக்குத் தெற்கே தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கும் குடும்பம். ஏலம் எங்களுக்குப் புதிதல்ல. அவல்பூந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்பு மூட்டைகளை இறக்கினால், வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்து விலை குறிப்பார்கள். எடைக்குச் சீட்டு உண்டு. விலை கட்டவில்லை என்றால் கொடுக்க மறுத்து மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொள்ளவும் முடியும். இருபது ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பழகியதால், ஏலம் என்ற சொல்லைக் கேட்டாலே அது நாலு பேர் முன்னால் ஒளிவுமறைவின்றி நடக்கும் காரியம் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. மாட்டுச்சந்தையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமைகளில் அப்பாவுடன் போன சிறுவயதிலேயே, தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தவன். எவ்வளவு தவறாக நினைத்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. துண்டு போட்டு விலை பேசும் தரகர் அடுத்த வியாழக்கிழமையும் அதே மரத்தடியில் நிற்பார். மாடு சரியில்லை என்றால் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஏலப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவர்களை எங்கே போய்த் தேடுவது?

ஏலம் நடந்த இடம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த ஓட்டு வீடும் நீளமான மாட்டுக் கொட்டகையும். வாசலில் வீட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள்: தேக்குக் கட்டில், தையல் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், எவர்சில்வர் பாத்திரங்கள், பச்சை வண்ணம் பூசி ஒரு பக்கக் குமிழ் உடைந்துபோன மரத்தொட்டில். அந்தத் தொட்டிலைப் பார்த்ததும், ஒரு தலைமுறை வாழ்ந்த வீட்டைக் காலி செய்கிறார்களே என்று என் மனைவி வருத்தப்பட்டார். எனக்கும் மனம் இளகியது. அப்படி இளகியவர்கள் மாட்டின் வாயைப் பிடித்துப் பல்லை எண்ணுவதில்லை. அரிசி அளந்த படியையும் பிள்ளையைத் தாலாட்டிய தொட்டிலையும் விற்கிறவர்கள் மாட்டில் பொய் சொல்லமாட்டார்கள் என்று, யாரும் சொல்லித்தராமலே நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம்.

முதலில் சாமான்களை ஏலம் விட்டார்கள். தொட்டில் 900 ரூபாய்க்குப் போனது, கட்டில் 4,000 ரூபாய்க்கு. எல்லாம் அடிமாட்டு விலை. கூட்டத்துக்கு ஆசை பிறந்த பிறகு, தேநீர் கொடுத்து, கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். மாடு கேட்க விரும்புவோர் 5,000 ரூபாய் முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். எடுத்த மாட்டை அன்று மதியம் இரண்டு மணிக்குள் முழுப்பணமும் ரொக்கமாகக் கட்டி ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் முன்பணம் திரும்பாது. மாடுகளைப் பார்க்கக் கொடுத்த நேரம் அரை மணி. டோக்கன் சீட்டின் அடியில் "உள்ளது உள்ளபடி" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

நான் கண்வைத்த பசு கறுப்பு வெள்ளை, நல்ல நீளம், மடி பளபளவென்று புடைத்து, காம்புகள் நாலாபக்கமும் விரிந்து நின்றன. ஒலிபெருக்கியில் பேசியவர், "ரெண்டாம் ஈத்துங்க, கன்னு போட்டுப் பன்னெண்டு நாள்தான் ஆச்சுங்க, வேளைக்குப் பத்து லிட்டருங்க" என்றார். சற்றுத் தள்ளி ஒரு காளைக்கன்றைக் கட்டியிருந்தார்கள். கன்று இப்போதுதான் குடித்தது என்று சொல்லிவிட்டு, எங்கள் கண்முன்னே ஓர் ஆள் உட்கார்ந்து கறந்தார். வாளி நுரை ததும்ப நிறைந்தது. காலை பத்தரை மணிக்கு எதற்காகக் கறக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அதிகாலையில் பால் கறந்து சங்கத்துக்குப் போயிருக்கும்; பத்தரை மணிக்கு நிறைமடியோடு ஒரு பசு நிற்கிறது என்றால், அன்று காலையும் அதற்கு முந்தைய மாலையும் அதைக் கறக்காமல் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பாலை நுரையோடு வாளியில் காட்டினார்களே தவிர, தராசில் வைக்கவில்லை. கறந்த ஆள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்துப் பின்காம்பு தெரியாது.

கேள்வி 40,000 ரூபாயில் தொடங்கியது. 55,000 ரூபாயைத் தாண்டியதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நானும் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவரும் மட்டும் மிஞ்சினோம். 66,000 ரூபாயில் நான் தயங்கி, வேண்டாம் என்று கையை அசைத்தேன். "கேட்டா கேட்டதுதானுங்க, பின்வாங்கினா டோக்கன் பணம் போயிரும்" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தும், எல்லோர் முன்னாலும் சிறுமைப்பட வேண்டாம் என்றும் நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் 68,000 ரூபாய் கேட்டார். நான் 68,500 ரூபாய் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விலகினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

அன்று மாலை இரண்டரை லிட்டர்தான் கறந்தது. வண்டியில் வந்த அலைச்சலில் மாடு இரண்டு மூன்று நாள் பால் குறைத்துக் கொடுப்பது இயல்புதான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தை நாமே சொல்லிக்கொள்வோம் என்பது அவர்களுக்குத் தெரியும். காணாமல் போவதற்கு அந்த நாலு நாள் போதும். ஆனால் என் அம்மா முதல் இரவே கண்டுபிடித்துவிட்டார். கன்றை அவிழ்த்துவிட்டதும் பசு அதை நக்கவில்லை, முகரக்கூட இல்லை, காலால் எட்டி உதைத்தது. "இது இது பெத்த கன்னு இல்ல சாமி" என்றார். ஐந்தாம் நாள் பால் காலை ஐந்து லிட்டர், மாலை நாலு லிட்டர் என்று நிலைத்தது. ஒரு முழு நாளுக்குரிய பாலை ஒரே வேளைப் பாலாகக் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அப்போதுதான் பிடிபட்டது. சங்கத்தில் லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தாலே, நாளைக்கு 11 லிட்டர் குறைவு என்பது 385 ரூபாய். தவிடும் புண்ணாக்கும் நான் இருபது லிட்டர் மாட்டுக்குரிய கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கால்நடை மருத்துவர் வந்து முதலில் மடியைத் தடவிப் பார்த்தார். நல்ல மடி கறந்து முடித்ததும் நனைந்த துணி போலத் துவண்டு சுருங்க வேண்டும். இதன் இடது பின்பக்கம் கறந்த பிறகும் கல் போல நின்றது. பழைய மடிநோய் முற்றிச் சதை இறுகிப்போய், அந்தக் காம்பு செத்துவிட்டது என்றார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் மருந்தைப் பற்றிக் கேட்டேன். நோய் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது என்று சொல்லிவிட்டார். கொம்பின் அடியில் ஈற்றுக்கு ஒன்றாக விழும் வளையங்களை அரம் கொண்டு ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள். எட்டு வெட்டுப்பற்களும் முளைத்து, ஓரங்கள் தேய்ந்தும் இருந்தன. எட்டுப் பல்லும் சேர்வதற்கே ஒரு பசுவுக்கு நாலரை, ஐந்து வயது ஆகிவிடும்.

பிறகு அவர் காதில் அப்பியிருந்த காய்ந்த சாணத்தைச் சுரண்டினார். உள்ளே மஞ்சள் காதுவில்லை இருந்தது. தடுப்பூசியும் சினை ஊசியும் போடும்போது பதிவு செய்வதற்காக நாடு முழுவதும் மாடுகளுக்கு அடிக்கும் அந்த வில்லையில் 12 இலக்க எண் உண்டு என்பது எல்லா மாட்டுக்காரர்களுக்கும் தெரியும். வாங்கும் முன் அதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மருத்துவர் தம் கைப்பேசியில் எண்ணை அடித்ததும் விவரம் வந்தது. பதிவாகியிருந்த உரிமையாளர் வேறு மாவட்டத்துக்காரர். மாடு நாலு ஈற்று கண்டது. கடைசிச் சினை ஊசி போட்டது அதற்கு முந்தைய ஆண்டு மே மாத இறுதியில். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதால், கன்று ஈன்றது மார்ச் முதல் வாரத்தில் என்று அவர் விரல்விட்டே கணக்குச் சொன்னார். ஈன்ற பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் வரை பால் ஏறும், பிறகு இறங்கும். ஐந்தரை மாதம் கடந்து இறங்குமுகத்தில் இருந்த மாட்டின் பக்கத்தில் யாருடைய கன்றையோ கட்டி, பன்னிரண்டு நாள் என்று சொல்லி, இனிமேல் பால் ஏறும் என்ற ஆசையைச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். பால் சுரக்க ஊசியும் போட்டிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். பால் சுரப்பதற்காக உடலுக்குத் தீங்கான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ஐந்து நாள் கழித்து அதற்கு என்ன சாட்சி இருக்கிறது?

துண்டறிக்கையிலிருந்த எண் அணைந்திருந்தது. தோப்புக்குப் போனேன். வீடும் கொட்டகையும் பத்து நாள் வாடகைக்கு விடப்பட்டவை என்று பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் நகரவில்லை. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தபோது, சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்து எரிச்சல்தான் கூடியது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவின்படி, ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஆகவே 66,000 ரூபாயில் என்னை மிரட்டியது வெறும் மிரட்டல். விற்பவர் முன்கூட்டியே அறிவிக்காமல் தம் ஆளை விட்டு விலை கேட்கச் செய்வது மோசடி. போலிக் கேள்வியால் விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு அவர்களைக் காப்பாற்றலாம். தெரிந்தே சொன்ன பொய்யைக் காப்பாற்றாது. ஆனால் யார்மீது வழக்குப் போடுவது? டோக்கன் சீட்டில் பெயரோ முகவரியோ கையெழுத்தோ இல்லை. ஒலிபெருக்கியில் சொன்னதை நான் பதிவு செய்யவில்லை. பணம் முழுவதும் ரொக்கம்.

மூன்று வாரம் கழித்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கலைப்பு ஏலம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, என் மச்சானுடன் போய்ப் பின்வரிசையில் நின்றேன். வேறு தோப்பு, வேறு வீடு. ஒலிபெருக்கியில் அதே குரல். வாசலில், ஒரு பக்கக் குமிழ் உடைந்த பச்சைத் தொட்டில். என் கண்ணெதிரே 900 ரூபாய்க்கு விற்றுப்போன தொட்டில் அது. சாமான்களை மலிவாக எடுத்துப்போனவர்களும் அவர்கள் ஆட்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அங்கேயும் ஒரு செவலைப் பசுவுக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார். எதிரே நின்று கேட்ட இளைஞரின் காதில் என் மச்சான் போய் ஒரு வார்த்தை சொன்னதும், அவர் நல்லவேளையாக ஒதுங்கினார். நாலு பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டதால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கையில் கைப்பேசி இருந்தும் அன்றைக்கும் படம் எடுக்கத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பழக்கமில்லாத தரகர் ஒருவர் அழைத்து, மாடு ஒத்துவரவில்லை என்று கேள்விப்பட்டதாகவும், 31,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கொடுத்தால் அது அடுத்த தோப்பில், அடுத்த கன்றின் பக்கத்தில் நிற்கும் என்பதால் மறுத்துவிட்டேன். மூன்று காம்பில் இப்போது ஏழு லிட்டர் கறக்கிறது. கன்று தாய்ப்பால் இல்லாமலே வளர்ந்து, அம்மாவின் பின்னால் சுற்றுகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், காதுவில்லை எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கி உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். எண் தர மறுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாலை ஒரு வேளையும் மறுநாள் காலை ஒரு வேளையும் உங்கள் கையாலேயே நாலு காம்பையும் கறந்து, தராசில் நிறுத்துப் பாருங்கள். கன்றை அவிழ்த்துத் தாயிடம் விடச் சொல்லுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் மட்டும் போடுவேன் என்று சொல்லிப் பாருங்கள்; அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

போன வாரம் எங்கள் பால் சங்கத்துச் சுவரில் ஒரு புதுத் துண்டறிக்கை ஒட்டியிருந்தது. கைப்பேசி எண் வேறு, ஊர் வேறு. "கரவை மாடுகள்" என்ற எழுத்துப்பிழை உட்பட மற்ற வாசகமெல்லாம் அதேதான். இந்த முறை வெளிநாடு செல்வது மகளுடன்.