கினி பிக்குக்கு வீடியோ காலில் டாக்டர் பார்த்து 7,800 ரூபாய் தொலைத்தேன், நீங்களாவது ஜாக்கிரதை

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்று காலை நாலாவது பதில் வந்தது: "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." பதினெட்டு நாளாகப் பரிசீலிக்கிறார்கள். 7,800 ரூபாய். இனி நான் காத்திருப்பதாக இல்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சுண்டல் என்று ஓர் ஆண் கினி பிக் இருக்கிறான். பக்கத்து வீட்டில் வெள்ளெலி என்பார்கள், வாட்ச்மேன் அண்ணனுக்கு அவன் முயல்குட்டி. வயது ஐந்தரை. இந்த ஜாதி ஐந்திலிருந்து எட்டு வருடம் வரை வாழும், அந்தக் கணக்கில் அவன் தாத்தா. இந்த வயதில் அவனுக்கு வந்த தொல்லையைப் பச்சையாகவே சொல்கிறேன், கூச்சப்பட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஆண்குறி வெளியே வந்து, திரும்ப உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. உள்ளே முடி சுற்றிக்கொள்ளும், கூண்டில் போடும் மரத்தூள் ஒட்டிக்கொள்ளும், வயதானதால் அந்த இடமே தளர்ந்தும் போயிருக்கும். வெளியே நிற்கிற சதை காய்ந்து வீங்கினால் இரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகும். நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

முதல் தடவை கட்டி என்று நினைத்து என் மனைவி அழுதேவிட்டாள். எங்கள் பகுதி டாக்டர் நாய், பூனை, ஆடு எல்லாம் பார்ப்பவர். வெதுவெதுப்பான சலைனில், அதாவது மருத்துவ உப்புக் கரைசலில் கழுவி, ஒட்டியிருந்த தூளை எடுத்து, வழவழப்பான ஜெல் தடவி, நிதானமாக உள்ளே தள்ளிவிட்டார். ஐந்து நிமிடம். இரண்டாவது தடவை எங்களுக்கும் செய்து காட்டினார். மூன்றாவது தடவைதான் இந்தக் கதை.

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை. டாக்டர் கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போயிருந்தார். நானே முயற்சி செய்தேன். அவன் போட்ட கீச்சலில் கை நடுங்கிவிட்டது, உள்ளே போகவும் இல்லை. கொடைக்குப் போன மனிதரை அந்த நேரத்தில் எழுப்பக் கூடாது என்று ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு விலை 7,800 ரூபாய்.

ஃபோனில் தேடினால் முதலிலேயே வந்து நின்றது ஒரு ஆப். செல்லப் பிராணிகளுக்கு வீடியோ காலில் வைத்தியம், முயல், கினி பிக், பறவைகளுக்கென்று தனி டாக்டர்கள், 24 மணி நேரமும். பெயர் சொல்லவில்லை, அந்த மாதிரி இன்னும் பத்து இருக்கும். பத்து நிமிடத்தில் ஒருவர் திரையில் வந்தார். வெள்ளைக் கோட்டு, பின்னால் புத்தக அலமாரி. எடுத்த எடுப்பில் அவர் நோயைக் கேட்கவில்லை. "பையன் பேரு என்ன சார்?" என்று கேட்டார். சுண்டல் என்றேன். சிரித்தார். "வயசாச்சுல்ல, நம்ம வீட்டுத் தாத்தா மாதிரிதான். பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். அந்த "நான் இருக்கேன்" இருக்கிறதே, அதில்தான் விழுந்தேன். பதிவு எண் என்ன, எங்கே படித்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட அவ்வளவு இதமாக யாரும் பேசியதில்லை.

கேமராவில் அரை நிமிடம் பார்த்தார். "இது தானா உள்ள போயிடும் சார், ரெண்டு நாள் பாருங்க. ஆனா திரும்பத் திரும்ப வருதுன்னா பராமரிப்புத் திட்டத்துல சேர்ந்துடுங்க." மூன்று மாதம், வீடு தேடி மருந்துப் பெட்டி, வாரம் ஒரு கால், ஒரு முறை வீட்டுக்கே டாக்டர். அன்றைய ஆலோசனைக்கு 1,800, திட்டத்துக்கு 6,000. ஜிபேயில் அனுப்பினேன். நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன், அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

காலையில் பார்த்தால் அந்தச் சதை கருஞ்சிவப்பாகி, மேலே தோல் போலக் காய்ந்திருந்தது. போட்ட புல் போட்டபடியே கிடந்தது. கினி பிக் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகும் அபாயம் உண்டு. எடை போட்டேன், 1,040 கிராம் இருந்தவன் 960. ஆப்பில் கூப்பிட்டேன். "உங்கள் அடுத்த ஆலோசனை வரும் ஞாயிறு" என்றது. அவசரம் என்று எழுதினேன். பூ வைத்துக் கும்பிடு போடும் ஒரு ஸ்டிக்கர் வந்தது.

ஆட்டோ பிடித்துச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். 1903இல் இருந்து இருக்கிற கல்லூரி, அந்த வாசலை நான் பஸ்ஸில் நூறு தடவை தாண்டியிருப்பேன், இரவில் புத்திக்கு எட்டவில்லை. லேசாக மயக்கம் கொடுத்து, அடியில் மோதிரம் மாதிரி இறுக்கிச் சுற்றியிருந்த முடியை எடுத்து, உள்ளே தள்ளி, வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தப் பகுதியையே வெட்ட வேண்டியிருக்கும் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். அங்கே ஆன செலவைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

கதை முடியவில்லை. ஐந்தாம் நாள் மருந்துப் பெட்டி வந்தது. லேபிள் இல்லாத ஒரு ட்யூப். தண்ணீரில் கலக்கச் சொல்லி வைட்டமின் சி சொட்டு மருந்து, அது தண்ணீரில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுத்தாலே போதும். கலர் கலராக ஒரு தீனிப் பை. கடைசியாக, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப், கூடவே ஒரு சீட்டு: "1 மிலி, காலை, இரவு, 5 நாள்." எதற்கும் இருக்கட்டும் என்று படம் எடுத்து எங்கள் டாக்டருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஃபோன்.

"குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"தொடாதீங்க. குப்பையில போடுங்க."

அமாக்ஸிசிலின் பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக். அதை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, சில நாளில் உயிரே போய்விடலாம். கினி பிக் பார்க்கிற எந்த டாக்டருக்கும் தெரிந்த பாலபாடம் இது. "தனி டாக்டர்" என்றவருக்குத் தெரியவில்லை. அவர் டாக்டர்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், கொள்கைப்படி முடியாது. பிரிக்காமல் உள்ளே விஷம் இருப்பது எப்படித் தெரியும்? இரண்டாவது: "மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்." மூன்றாவது முறை ஒரு பெண் கூப்பிட்டு, பாவம் சின்னக் குரல், "சார், டாக்டர் பரிந்துரைதான் செய்வார், கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு" என்று எழுதி வைத்ததை வாசித்தார். அந்த டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் இப்போது எங்களோடு இல்லை என்றார். பதிவு எண் கேட்டேன், லைன் கட். நடுவில் ஒரு மெசேஜ் வேறு: "சுண்டலின் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்!" 7,800 ரூபாய்க்கு அவர்கள் சரியாகச் செய்தது அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டது ஒன்றுதான்.

வயதான ஆண் கினி பிக்கை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சதை வெளியே நின்றால் காயவிடாதீர்கள், சலைனில் நனைத்த துணி வைத்து உடனே நேரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோங்கள், "ரெண்டு நாள் பாருங்க" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மரத்தூளை நிறுத்திவிட்டுத் துணி விரியுங்கள், நாங்கள் பழைய போர்வையை வெட்டிப் போட்டிருக்கிறோம். வாரம் ஒரு தடவையாவது அடியில் முடி, அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆசனவாய்ப் பக்கத்துப் பையில் வயதான ஆண்களுக்குப் புழுக்கை அடைத்துக்கொள்ளும், அதையும் பாருங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் என்று எழுதியிருந்தால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் அனுப்பும் முன் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ராத்திரியில் பெரிய தொகை எதையும் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. சிரப் பாட்டிலைக் குப்பையில் போடவில்லை, டாக்டர் மன்னிக்க வேண்டும், அது சாட்சி. சுண்டல் 1,000 கிராமுக்கு ஏறிவிட்டான், இப்போது கொத்தமல்லிக்குக் கத்துகிறான். மணி ஏழு, அவனைத் துடைத்துப் பார்க்கிற நேரம். 7,800 ரூபாய் வந்தால் சொல்கிறேன்.