பிப்ரவரியில் வரையாடு காட்டுகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துச் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். லீவுக்கு மலைப்பக்கம் போக எல்லோரும் திட்டம் போடும் நேரம் இது. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

எங்கள் அப்பச்சிக்கு 76 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். பழந்தமிழ்ப் பாட்டில் வருடை என்று வருவது வரையாடுதான் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். "பாடம் நடத்தினேனே தவிர கண்ணால பார்த்ததில்லைப்பா" என்பார். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. முட்டி வலி முற்றுவதற்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எங்கள் ஊரிலேயே ஆபீஸ் வைத்து, பிள்ளையார்பட்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வண்டி விடும் ஒரு டிராவல்ஸ்காரர் வாட்ஸப்பில் விளம்பரம் அனுப்பியிருந்தார். மூணாறு, மூன்று நாள், இரவிகுளம் தேசியப் பூங்கா, "வரையாடு கேரண்டி". ஆளுக்கு 7,500 ரூபாய். நான், மனைவி, மகள், அப்பச்சி, ஆத்தா என்று ஐந்து பேருக்கு 37,500. பிப்ரவரி 20 என்று தேதி சொன்னதும் அவரே. "அப்பத்தான் கூட்டம் இருக்காதுண்ணே, பெரியவங்க நிம்மதியாப் பார்க்கலாம்" என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினேன். அவர் கொடுத்த தாளில் "பூங்கா நுழைவுச் சீட்டு உட்பட" என்று அச்சடித்திருந்தது. அதையே டிக்கெட் என்று நினைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மதுரை, தேனி, போடிமெட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். ரூம் சுமார், சாப்பாடு சுமார், அதை விடுங்கள். மறுநாள் காலையில் ஐந்தாம் மைல் கேட்டுக்குப் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. கேட் மூடிக் கிடந்தது. அங்கிருந்த காவலர் நல்ல தமிழில் சொன்னார்: "ஒண்ணாம் தேதியிலேர்ந்தே மூடியாச்சு சார். இது குட்டி போடுற நேரம். வருஷா வருஷம் இப்படித்தான்."

இது திடீரென்று வந்த தடை கிடையாது. வரையாடு மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, ஜனவரி பிப்ரவரி வாக்கில் ஈனும். பெரும்பாலும் ஒரே குட்டிதான். தாயும் குட்டியும் மிரளக் கூடாது என்பதற்காக பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவுக்குள் நம்மை விடும் ராஜமலைப் பக்கம் சுற்றுலாவை நிறுத்திவிடுகிறார்கள். வழக்கமாக ஏப்ரலில்தான் திறப்பு. 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்காவான அந்த 97 சதுர கிலோமீட்டரும் முதன்மையாக இந்த ஆட்டுக்காகக் காப்பாற்றப்படும் இடம். மூடியது மிகச் சரி. வருடம் முழுக்க மூணாறுக்கு வண்டி அனுப்பும் ஒருவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

போன் போட்டால், "நேத்துத்தான் மூடிட்டாங்களாம்ணே" என்றார். காவலர் சொன்னதைச் சொன்னதும் லைனைக் கட் செய்துவிட்டார். டிரைவர் தம்பி எங்களை ஒரு ஜீப்காரரிடம் கூட்டிப் போனார். எஸ்டேட் மேட்டிலும் வரையாடு வரும், தனியாக 3,000 கொடுங்கள் என்றார் அவர். அப்பச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் கொடுத்தேன். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

முக்கால் மணி நேரம் குலுக்கிக் குலுக்கி ஏற்றி, ஒரு வளைவில் நிறுத்தி, எதிர்ச் சரிவைக் காட்டி "அதோ" என்றார். பழுப்பாக நாலைந்து உருவம் மேய்ந்துகொண்டிருந்தது. மகள் துள்ளிவிட்டாள். அப்பச்சி பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கை நடுங்கியதால் ஜீப் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அப்புறம் அதை மெதுவாக இறக்கி, "தம்பி, கழுத்துல கயிறு கிடக்கே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. யாரோ வீட்டு ஆடுகள். ஜீப்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். ஊர் வந்து சேரும்வரை அப்பச்சி அதைப் பற்றிப் பேசவேயில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வந்து அந்த விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நீளமாக, முண்டு முண்டாகப் பின்னால் வளைந்த கொம்பு. அது ஐபெக்ஸ் என்கிற வேறொரு காட்டு ஆடு. நம் வரையாட்டுக்குக் கொம்பு குட்டை. வயதான கிடாவுக்கு உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுப்பு இருக்கும். படத்தையே சரியாகப் போடாதவர் ஆட்டை எங்கே காட்டப் போகிறார்?

கேட்கப் போனேன். "சீட்டு உங்க பொறுப்பு" என்றார். தாளை நீட்டியதும் 5,000 கொடுத்துவிட்டு, மீதி பிறகு என்றார். பிறகு என்பது இன்னும் வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. தாளையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

மூணாறு போகிறவர்கள் முதலில் கேரள வனத்துறையின் தளத்தில் பூங்கா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட்டையும் அங்கேயே எடுக்கலாம். ஏஜென்ட் எடுத்துத் தருவதாகச் சொன்னால், பாக்கிப் பணம் கட்டுவதற்கு முன் வனத்துறைச் சீட்டைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். காட்டு விலங்குக்குக் கேரண்டி கொடுக்க யாராலும் முடியாது. மசினகுடிப் பக்கம் ராத்திரி ஜீப் சஃபாரி என்று தனியார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் நமக்கும் சேர்த்துத்தான் சிக்கல். முதுமலையில் வனத்துறையின் சஃபாரி தெப்பக்காட்டிலிருந்து கிளம்புகிறது, அதில் போங்கள். வரையாட்டுக்காக மட்டும் என்றால், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் சாலையோரத்திலேயே பல நாள் நிற்கும். சில நாள் நிற்காது.

பக்கத்திலேயே திருப்பத்தூர் வழியில் வேட்டங்குடி சரணாலயமும் இருக்கிறது. 1977இல் அறிவித்தது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் கண்மாய்கள். மூணாறிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பச்சியை அங்கே கூட்டிப் போனேன். கரையில் உட்கார்ந்து நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கிளம்பும்போதுதான் "மூணாறு எப்ப திறக்குறாங்களாம்?" என்று கேட்டார்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு நானே சீட்டு எடுக்கப் போகிறேன். டிராவல்ஸ்காரர் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.