கையில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சார்: என் 14 நாள்

போன மாசம் எனக்கு எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தின நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றார் டாக்டர். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றையும் சொன்னார். இந்த நிலையில் சும்மா விட்டவர்களில் மூணு வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டதாம். சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களில் 39 சதவீதம். எங்கப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ரெண்டு போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அன்றைக்கே சென்சார் வாங்கினேன். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மேல்கையின் பின்பக்கம் துடைத்துவிட்டு அழுத்தினால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறது, வலி இல்லை. ஒரு மணி நேரத்தில் போனில் சர்க்கரை அளவைக் காட்டும் கோடு ஓட ஆரம்பித்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவேன். ஸ்வீட்டே தொடுவதில்லை, நமக்கெங்கே வரப்போகிறது என்றிருந்தேன். நாலாம் நாள் ராத்திரி பத்தரைக்கு மூணு பரோட்டா, சால்னா, அப்படியே படுக்கை. காலையில் பார்த்தால் கோடு 196 வரை ஏறி, ரெண்டு மணி தாண்டியும் 150-க்குக் கீழே வரவில்லை. நான் தூங்கிய நேரமெல்லாம் உடம்பு மல்லுக்கட்டியிருக்கிறது. ஆறாம் நாள் அதே கடையில் அதே மூணு பரோட்டாவை ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவோடு 25 நிமிஷம் நடந்தேன். 158-லேயே நின்றுவிட்டது. நடக்கும்போது கால் தசை இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணால் பார்த்த பிறகுதான் மனசில் ஏறியது.

மாசக் கடைசிக் கணக்குக்காக நாலு மணி நேரமே தூங்கிய ரெண்டு நாளும் வெறும் வயிற்றில் 117, 119. மற்ற நாளில் 103-ஐ ஒட்டியே இருந்தது. பதினோரு மணி டீயும் வர்க்கியும்கூட ஐம்பது ஏற்றிவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு 58 என்று அலறியது. "ஏனுங்க, எந்திரிங்க" என்று வீட்டுக்காரம்மா சர்க்கரைத் தண்ணியோடு நிற்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் 104! சென்சார் இருக்கிற கையை அழுத்திப் படுத்தால் இப்படிக் குறைத்துக் காட்டுமாம். இது ரத்தத்தை அளக்கவில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் அளக்கிறது; அதனால் ஏற்ற இறக்கம் சில நிமிஷம் தாமதமாகத்தான் தெரியும். பதினோராம் நாள் வியர்வையில் ஓரம் பெயர்ந்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி ஓட்டினேன்.

நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதை வாங்காதீர்கள், அதற்கு லேப் பரிசோதனைதான். என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கொடுத்த காசுக்குத் தகும். மாசாமாசம் வேண்டியதில்லை, நான் ரெண்டாவது வாங்கவில்லை. இப்போது எட்டுக்குள் சாப்பாடு முடிந்து, பிள்ளையார் கோயில் வரை ரெண்டு நடை. அடுத்த எச்பிஏ1சி மூணு மாசம் கழித்து. வீட்டுக்காரம்மாவும் கூடவே எடுக்கிறார்.