ஹாப்சனா, ரூபிகனா: இக்கட்டான முடிவுக்கு எந்த ஆங்கிலத் தொடர்?

ஆங்கிலத்தில் எழுதும்போது, எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிற முடிவு என்று வந்தால் நம்மில் பலர் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர், 1631இல் இறந்தார். எல்லாரும் நல்ல குதிரையையே கேட்டால் அது ஓய்ந்துபோகும் அல்லவா? அதனால் வாசலுக்கு அருகில் நிற்பதை எடுத்துக்கொள், இல்லையென்றால் நடந்து போ என்றார். அங்கே இருப்பது ஒரே வழிதான், அதுவும் தேர்வு மாதிரி வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. தரகர் ஒரே ஒரு வீட்டைக் காட்டி "பிடித்தால் வாங்க" என்றால் அது ஹாப்சன்ஸ் சாய்ஸ்.

இரண்டு வழி இருந்து இரண்டும் சுட்டால் அது 'டைலெமா', நம் இருதலைக் கொள்ளி எறும்பு. அந்தச் சொல்லில் இருக்கும் 'டை' கிரேக்கத்தில் இரண்டைக் குறிப்பது. வெறும் தலைவலிக்கெல்லாம் டைலெமா என்று எழுதினால் சொல் நீர்த்துப்போகிறது.

'கேட்ச் 22' வேறு ரகம். ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட நாவலில், மனநிலை சரியில்லாத விமானப்படை வீரன் போருக்குப் பறக்க வேண்டாம், ஆனால் அவனே விலக்குக் கேட்க வேண்டும். உயிருக்குப் பயந்து கேட்டாலோ, புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பறக்க வேண்டும். கல்யாணமானால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்கிற நம் பழமொழி அப்படியே இதுதான். வேலைக்கு அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்துக்கு வேலை வேண்டும்: இங்கே தாராளமாக எழுதலாம். விதிமுறையே வட்டமாகச் சுற்றாத இடத்தில் வேண்டாம்.

சரி, துணிந்து இறங்கிய முடிவுக்கு? 'கிராசிங் த ரூபிகன்', 'பர்னிங் ஒன்ஸ் போட்ஸ்' இரண்டும் திரும்ப முடியாததைத்தான் சொல்கின்றன. ஆனால் கி.மு. 49இல் ரோமத் தளபதி சீசர், படையோடு தாண்டக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்த ரூபிகன் என்ற சிறிய ஆற்றைத் தாண்டியது சட்டத்தின் எல்லையையே தாண்டியது; அதோடு உள்நாட்டுப் போர் மூண்டது. படகை எரிப்பவனோ தன் பின்வழியைத் தானே அழித்துக்கொள்கிறான். ஒரு அரசு நெருக்கடி நிலையை அறிவித்தால் ரூபிகன். வேலையை விட்டு, வீட்டையும் விற்றுக் கடை போட்டால் படகு. அலுவலகத்தில் மென்பொருள் மாற்றியதற்கெல்லாம் ரூபிகனைக் கூப்பிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

தொட்டால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்கிற விஷயத்துக்கு 'கேன் ஆஃப் வோர்ம்ஸ்' (புழு டப்பா) பேச்சு வழக்கு, 'பண்டோராஸ் பாக்ஸ்' (கிரேக்கக் கதையில் பண்டோரா திறந்ததும் தீமைகள் வெளியேறிய பெட்டி) கனமானது. அலுவலக மின்னஞ்சலுக்கு முன்னது போதும். பின்னதை மரபணு மாற்றம், அணு ஆயுதம் மாதிரி, ஒருமுறை வெளியே விட்டால் உள்ளே அடைக்க முடியாதவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.